வல்லத்திராக்கோட்டையில் கழற்றிய சக்கரம்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நின்னு, 'வல்லத்திராக்கோட்டை' என்ற பேரை ஒரே மூச்சுல சொல்லிப் பாருங்க. மூணாவது தடவைதான் ஒழுங்கா வரும். எங்க ஹாஸ்டல்ல அந்த ஊர்க்காரன் ஒருத்தன் இருந்தான். முதல் வருஷம் முதல் வாரமே அவன் சொந்தப் பேரு காணாமப் போச்சு, 'கோட்டை'ன்னு ஆயிட்டான். அவன்கூடதான் உங்களை இப்போ அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். கோயில், அருவி, போட்டோ பாயின்ட்னு எதிர்பார்க்காதீங்க பாஸ். நாம பார்க்கப் போறது ஒரு டிராக்டரோட பின்சக்கரம்!

சிரிக்காதீங்க. அந்தச் சக்கரத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி நாங்க ஆறு பேரும் ஆளுக்கு நாலாயிரம் ரூபாயைத் தொலைச்சிருந்தோம். வீட்ல 'லேப் ஃபீஸ்'னு சொல்லி வாங்கின காசு அது.

முதல்ல அந்தக் கதை. ஃபைனல் இயர் மெக்கானிக்கல். புராஜெக்ட்டுக்கு எல்லாரும் பழைய ரிப்போர்ட்டைத் தூசி தட்டிக்கிட்டிருந்தப்போ நாங்க மட்டும் 'கார் கட்டுவோம்'னு கிளம்பினோம். 'கிட் கார்' கேள்விப்பட்டிருப்பீங்க. காரைப் பாகம் பாகமா வாங்கி, நாமளே வீட்ல வெச்சுப் பூட்டிக்கிறது. 1957-ல் இங்கிலாந்துல 'லோட்டஸ் செவன்'னு ஒரு குட்டிக் கார் வந்துச்சு. முழுக் காரா வாங்கினா பர்ச்சேஸ் டாக்ஸ், உதிரியா வாங்கிப் பூட்டிக்கிட்டா டாக்ஸ் இல்லை! வெள்ளைக்காரனும் நம்மளை மாதிரிதான், ஷெட்டுக்குள்ள உட்கார்ந்து ஸ்பேனர் சுத்திட்டான். நம்ம ஊர்ல அந்த மாதிரி மனசு யாருக்கு இருந்துச்சுன்னு கேட்டா, கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒத்தை சீட்டு ரேஸ் காருக்குள்ள உட்காரவெச்சு 'ஃபார்முலா மாருதி'ன்னு ஒரு வகையையே உருவாக்கினவர். நரேன் கார்த்திகேயன் ஓட்டிப் பழகின கார்கள்ல அதுவும் ஒண்ணு. 1995-ல் ஒரு குட்டி விமான விபத்துல கரிவரதன் இறந்துட்டார். செட்டிபாளையத்துல 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பேரைத்தான் வெச்சாங்க. கரி மோட்டார் ஸ்பீட்வே. காலேஜ் பசங்க தாங்களே கட்டின காரை எடுத்துக்கிட்டு வர்ற 'ஃபார்முலா பாரத்' போட்டி நடந்ததும் அங்கேதான்.

எங்க காருக்கும் மாருதி 800-தான் அம்மா, அப்பா எல்லாம். இன்ஜினை டிரைவர் முதுகுக்குப் பின்னாடி தள்ளினோம். அதே காரோட ஹப், அதே பிரேக். சேஸிஸ் மட்டும் எங்க வெல்டிங். மேல ஃபைபர் ஃபெண்டர். ரோட்டுக்கு இல்லை, கேம்பஸுக்குள்ள ஓட்டிக் காட்ட மட்டும். (ஏன் ரோட்டுக்கு இல்லைன்னு கடைசியில சொல்றேன், அவசரப்படாதீங்க.)

எல்லாம் நல்லாத்தான் போச்சு. வீல் வாங்குற வரைக்கும்.

800-ல் வர்ற டயர் 145/70 ஆர்12. பார்க்க தீப்பெட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருந்துச்சு. 'மச்சி, ரேஸ் காருக்கு இது அசிங்கம்டா'ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். எல்லாரும் தலையாட்டினோம். 13 இன்ச் அலாய், 175/60 டயர். கடையில ரெண்டே கேள்விதான் கேட்டோம். ஓட்டை நாலா? நாலு. பி.சி.டி. 114.3 மில்லியா? ஆமா. பி.சி.டி.ன்னா போல்ட் ஓட்டைகள் உட்கார்ந்திருக்குற வட்டத்தோட விட்டம். நாலு ஓட்டை வீல்ல எதிரெதிர் ஓட்டைக்கு நடுவுல அளந்தா வந்துடும். 800-க்கு அது 114.3, ஸ்விஃப்ட்டுக்கு 100. அந்த ரெண்டும் சரியா இருந்தா வீல் மாட்டும். மாட்டிச்சு. உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தோம், சஸ்பென்ஷன்ல எங்கேயும் இடிக்கல. முன்னாடியைவிட இடம் ஜாஸ்தியாவே இருந்துச்சு. விசில் அடிச்சோம், வீலுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தோம். தலைவர்களுக்கு அவ்வளவுதான் அறிவு!

மூணே நாள். முதல் நாள், டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கிட்டு நின்னு, கிரவுண்டுல இருந்த கல்லையெல்லாம் டிரைவர் மூஞ்சிலயே அடிச்சுது. ரெண்டாம் நாள், இடது முன்சக்கரம் ஒரு செங்கல் துண்டு மேல ஏறிச்சு. ஸ்டியரிங் வெடுக்குன்னு சுத்தி, ஓட்டிக்கிட்டிருந்தவன் கட்டைவிரல் பிசகிடுச்சு. மூணாம் நாள், அதே சக்கரத்துல 'உர்ர்ர்'ன்னு பேரிங் முனக ஆரம்பிச்சுது. மூணுக்கும் காரணம் ஒண்ணேதான்னு எங்க ஆறு பேர்ல ஒருத்தனுக்கும் புரியல. மாட்டின டயரைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார், அதுல அவரைச் சொல்லிக் குத்தமும் இல்லை. ரிவியூவுக்கு ஆறு வாரம் இருந்துச்சு. கட்டைவிரல் பிசகினவன் எங்ககூடப் பேசுறதையே நிறுத்திட்டான்.

அந்த மூடுலதான், 'வாங்கடா, ரெண்டு நாள் எங்க ஊருக்கு'ன்னான் கோட்டை.

தை மாசம். பஸ் டவுனைத் தாண்டினதும் மண்ணு செவப்பாகுது பாருங்க. தைல மரக் காடு, நடுநடுவே முந்திரி, அப்புறம் போர் தண்ணியில பச்சைன்னு ஒரு கட்டம் கரும்பு. சுவரெல்லாம் மாட்டு வண்டிப் பந்தய நோட்டீஸ். பெரிய மாடு, சின்ன மாடு, கரிச்சான் மாடுன்னு தனித்தனிப் பரிசு. இந்த மாவட்டத்துக்காரங்ககிட்ட ஃபார்முலா ஒன் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி இதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டு ஆரம்பிங்க, மரியாதையா இருக்கும். இறங்கினதும் டீக்கடை. ரோட்டுல நின்னுக்கிட்டே ஒரு டீயும், சூடா ஒரு பருப்பு வடையும். ஊர் சுத்திப் பார்க்க நேரம் ஆகாது. ஆனா கண்மாய்க் கரையில போய் உட்கார்ந்தா எழுந்திரிக்க மனசு வராது. சாயங்காலம் அங்கே வர்ற காத்துக்கு எந்த ரிசார்ட்டும் ஈடு கிடையாது, இது என் சொந்தக் கருத்து.

மறுநாள் காலையில கோட்டையோட சித்தப்பா டிராக்டரை வேப்ப மரத்தடியில நிறுத்தி, பின் அச்சுக்குக் கீழே கட்டை அடுக்கிக்கிட்டிருந்தார். பஞ்சரான்னு கேட்டேன்.

"பஞ்சர் இல்லப்பு. நேத்து வரைக்கும் டிரெய்லர் ஓட்டுச்சு. இன்னிக்குக் கரும்புக்குள்ள போவணும். சக்கரத்தை அகட்டணும்."

அகட்டணுமா? ஒரு வண்டியோட சக்கரத்தை எப்படி அகட்ட முடியும்? அச்சோட நீளம் மாறாதே! பக்கத்துல போய்க் குந்தினேன். நீங்களும் வந்து குந்துங்க, இதுதான் விஷயம்.

கார் வீல் மாதிரி டிராக்டர் பின்வீல் ஒரே துண்டு இல்லை. வெளிவளையம் தனி. நடுத் தட்டு தனி. ரெண்டையும் போல்ட் போட்டு இணைச்சிருக்கு. அந்தத் தட்டு சோத்துத் தட்டு மாதிரி ஒரு பக்கம் குழிஞ்சிருக்கும். குழிவு ஒரு பக்கம் பார்த்து மாட்டினா சக்கரம் வண்டியோட ஒட்டி நிக்கும். தட்டைத் திருப்பி மாட்டினா அதே சக்கரம் வெளியே தள்ளி நிக்கும். வளையத்துல இருக்குற பிடிகளும் நட்ட நடுவுல இல்லாம ஒரு ஓரமா இருக்கும். அதனால வளையத்தையும் திருப்பலாம். இதையும் அதையும் மாத்தி மாத்திப் போட்டா எத்தனையோ அகலம் கிடைக்கும். அந்தக் காலத்து பெர்குசன் டிராக்டர்லயே 48 அங்குலத்துல ஆரம்பிச்சு 76 அங்குலம் வரைக்கும், நாலு நாலு அங்குலமா மாத்துற வசதி இருந்துச்சு.

"அகல வரிசைக் கரும்பு. பாருக்குப் பார் அஞ்சடி. 60 அங்குலத்துக்கு வெச்சாத்தான் ரெண்டு சக்கரமும் ரெண்டு வாய்க்கால்ல போவும், பயிர் நடுவுல நிக்கும். இல்லாட்டி மண்ணு அணைக்கப் போயி கரும்பை மிதிச்சுட்டு வருவேன்" என்றார் சித்தப்பா. அதுவும் பயிர் குட்டையா இருக்குற வரைக்கும்தான். வளர்ந்துட்டா டிராக்டருக்கு உள்ளே வேலை இல்லை.

சக்கரத்தை உருட்டி வர நாலு பேர் வேண்டியிருந்துச்சு. பிடிப்புக்காக டயருக்குள்ள தண்ணி நிரப்பி வெச்சிருந்தார்! காத்து கொஞ்சம், தண்ணிதான் ஜாஸ்தி. என்ஜினீயரிங் படிச்ச எங்களுக்கு அது அன்னிக்குத்தான் தெரியும். இன்னொண்ணும் கவனிச்சேன். இடது சக்கரத்தை வலது பக்கமும், வலதை இடது பக்கமும் கொண்டுபோய் மாட்டினார். ஏன்னு கேட்டதுக்கு டயர் பட்டையைக் காட்டினார். 'வி' எழுத்து மாதிரி சாய்ஞ்சிருக்கு. திருப்பின சக்கரத்தை அதே பக்கம் மாட்டினா 'வி' தலைகீழா சுத்தும், சேத்துல பிடிப்பு போயிடும்.

முடிச்சுட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னார்: "அச்சு அங்கனயேதான் இருக்கு தம்பி. சக்கரம் எங்க நிக்கணும்னு தட்டுதான் சொல்லுது."

எனக்குப் பொறி தட்டிச்சு. கோட்டையைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான்.

கடையில நாங்க கேட்க மறந்த மூணாவது கேள்வி இதுதான் மக்களே! அதுக்குப் பேரு ஆஃப்செட். வீலோட அகலத்துக்கு நட்ட நடுவுல ஒரு கோடு போடுங்க. ஹப்புல ஒட்டி உட்கார்ற அந்தத் தட்டு முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தா பாசிட்டிவ், உள்பக்கம் இருந்தா நெகட்டிவ். எத்தனை மில்லின்னு வீல் மேலேயே 'ஈ.டி.'ன்னு போட்டுப் பக்கத்துல அடிச்சிருக்கும். ஜெர்மன் வார்த்தையோட சுருக்கம் அது. நம்பர் குறையக் குறைய சக்கரம் வண்டியை விட்டு வெளியே போகும். நம்பர் அடிக்காத வீலா? மூஞ்சி தரையைப் பார்க்கக் கவுத்துப் போடுங்க. பின் விளிம்பு மேல நேரா ஒரு ஸ்கேலை வெச்சு, அங்கேருந்து தட்டு முகம் வரைக்கும் ஆழத்தை அளங்க. அதுலேர்ந்து வீலோட முழு அகலத்துல பாதியைக் கழிங்க. மிச்சம் ஆஃப்செட்.

அன்னிக்குச் சாயங்காலம் கண்மாய்க் கரையில உட்கார்ந்து நோட்டுல கணக்குப் போட்டோம். புது வீலோட நம்பர் பழசைவிட 25 குறைச்சல். அதாவது சக்கரத்தோட நடுவே 25 மில்லி வெளியே போயாச்சு. டயர் 145-லேர்ந்து 175. வித்தியாசம் 30, அதுல பாதி 15 வெளிப்பக்கமும் பாதி உள்பக்கமும் வளரும். வெளிப்பக்கம் 15-ம் 25-ம் சேர்ந்து 40 மில்லி நீட்டிக்கிட்டு நிக்குது. உள்பக்கம் 15 வளர்ந்தும் 25 நகர்ந்துட்டதால 10 மில்லி கூடுதல் இடம். அந்த இடத்துல கையை விட்டுத்தான் நாங்க விசில் அடிச்சிருக்கோம்!

விரல் பிசகினதுக்கும் பேரிங் முனகினதுக்கும்கூட அதேதான் காரணம். தண்ணிக் குடத்தை இடுப்புல வெச்சா எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க பார்ப்போம். தோள்பட்டை என்ன பாடுபடுதோ, அதுதான் பேரிங் பட்ட பாடு. ஸ்டியரிங் கதையும் அப்படித்தான். சக்கரம் எந்த அச்சைச் சுத்தித் திரும்புதோ, அந்தக் கோடு தரையைத் தொடுற இடத்துக்கும் டயரோட நடுவுக்கும் உள்ள தூரம் கூடிப் போச்சுன்னா, சின்னக் கல்லுகூட நெம்புகோல் பிடிச்ச மாதிரி ஸ்டியரிங்கைப் பிடுங்கும்.

உயரமும் மாறியிருந்துச்சு. 145/70 ஆர்12-க்கு மொத்த விட்டம் 508 மில்லி, 175/60 ஆர்13-க்கு 540. ஃபெண்டருக்குள்ள மேல் பக்கம் 16 மில்லி இடத்தை டயர் சாப்பிட்டாச்சு. ஸ்பீடாமீட்டர் 60-னு காட்டுறப்போ வண்டி நிஜத்துல 64-ஐத் தொட்டுடும்.

'டிராக்டர் மாதிரியே திருப்பிப் போட்டா என்னடா?'ன்னு ஒருத்தன் கேட்டான். நீங்களும் நினைச்சிருப்பீங்க. வேண்டவே வேண்டாம். கார் வீல்ல நட்டு உட்கார்ற குழி ஒரு பக்கம் மட்டும்தான் சாய்வா கடைஞ்சிருக்கும். திருப்பினா நட்டுக்குப் பிடிமானம் கிடையாது. அதுவுமில்லாம எங்க வீல் ஏற்கெனவே வெளியே கிடக்கு, திருப்பினா இன்னும் வெளியேதான் போகும். ஸ்பேசர் போட்டாலும் வெளியேதான் தள்ளும். உள்ளே இழுக்க ஒரே வழி தட்டு முகத்தைக் கடையறது. அலாயைக் கடைஞ்சு மெலிசாக்கி, அது மேல ஒரு ஃப்ரெண்டை உட்காரவெச்சு ஓட்டச் சொல்ற தைரியம் எனக்கில்லை. ஆக, வீலை விக்கணும், வேற வாங்கணும். அந்த ராத்திரி யாரும் சரியாச் சாப்பிடல. சித்தப்பா வீட்ல கோழி அடிச்சிருந்தாங்க, அதைச் சொன்னா இப்பவும் வயிறு எரியுது.

ஊருக்குத் திரும்புறப்போ கோட்டை ஒரு சாக்குப் பையைத் தூக்கிட்டு வந்தான். உள்ளே கண்மாய்க் களிமண். கண்டக்டர் முறைச்சார், லக்கேஜ் டிக்கெட்டும் போட்டார். வொர்த்து பாஸ்! பழைய 800 வீலை மாட்டி, ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, ஜாக்கி வெச்சு சக்கரத்தை முழுசா மேலே ஏத்தினோம். ஃபெண்டருக்குள்ளேயும் சஸ்பென்ஷன் மேலேயும் களிமண்ணை உருண்டையா அப்பினோம். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினோம். டயர் அமுக்கின இடத்துல மிச்சமிருக்குற களிமண்ணோட கனம்தான் உங்க கையில இருக்குற இடம். நேரா நிக்குற சக்கரத்தை அளந்து ஏமாறாதீங்க. திரும்பறப்பவும் குழியில இறங்குறப்பவும்தான் அது இடிக்கும்.

உள்பக்கம் 14 மில்லி, வெளிப்பக்கம் 28 மில்லி. 175 டயர் நடு மாறாம நின்னா உள்ளே 15 வளரும், இருக்குறதோ 14. இடிக்கும். அப்போ கொஞ்சமாவது வெளியே நகரணும், ஆனா 25 இல்லை. உள்ளே ஆறு மில்லி மிச்சம் வேணும்னு வெச்சுக்கிட்டா, 7 நகர்ந்தாப் போதும். வெளியே 22 வரும், ஃபெண்டருக்குள்ள அடங்கிடும். மொத்தப் பிரச்னைக்கும் விடை 7!

ஆனா அந்த ஏழைத் தேடி அலைஞ்சதுதான் பெரிய கதை. சென்னை புதுப்பேட்டையில பழைய வீல் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். ரெண்டு நாள் ஸ்கேலும் கையுமா ஒவ்வொண்ணாக் கவுத்துக் கவுத்து அளந்தோம். 'தம்பிங்களா, வாங்குவீங்களா, இல்ல பரீட்சையா?'ன்னு ஒருத்தர் கேட்டார். கடைசியில 6 மில்லி தள்ளுற மாதிரி 13 இன்ச் இரும்பு வீல் ஒரு செட் சிக்குச்சு. அலாய் இல்லை, பளபளப்பு இல்லை. நடு ஓட்டை ஹப்புல சரியா உட்காருதா, நட்டோட சாய்வும் வீல் குழியோட சாய்வும் ஒத்துப்போகுதா, நட்டு போதுமான சுத்து ஏறுதான்னு மூணையும் அங்கேயே பார்த்துட்டுத்தான் காசைக் கொடுத்தோம். அலாயை வித்ததுல பாதிக் காசுதான் தேறிச்சு. மீதியை இன்னிக்கு வரைக்கும் வீட்ல சொல்லல. அப்பா இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார்னு ஒரு நம்பிக்கை.

ஊருக்கு வெளியே 'அகல டயர் போட்டா கெத்து'ன்னு சொந்தக் காருக்கு மாத்திக்கிட்டுத் திரியிற அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. நாங்க கட்டின மாதிரி காரை நினைச்சபடி ரோட்டுல விட முடியாததுக்கும் காரணம் இருக்கு. புது மாடல் எதுவா இருந்தாலும் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்துல பாஸ் ஆகணும். ஆறு பசங்களோட வெல்டிங்குக்கு அந்த வழி கிடையாது. எங்க கார் கேம்பஸ் கேட்டைத் தாண்டினதே இல்லை.

ரிவியூ அன்னிக்கு மழை. பதினொரு ரவுண்ட் ஓட்டினோம். கட்டைவிரல் பிசகினவன்தான் ஓட்டணும்னு எல்லாரும் பிடிவாதமா நின்னோம். அவன் மூணாவது ரவுண்டுல செங்கல் துண்டைத் தேடிப் போய் வேணும்னே ஏத்தினான். ஸ்டியரிங் லேசாத் துடிச்சுது, அவ்வளவுதான். இறங்கி வந்து என் முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சான். ஆறு வாரத்துக்கு அப்புறம் அவன் என்கிட்ட பேசினது அப்படித்தான்.

அடுத்த மாசம் வல்லத்திராக்கோட்டைக்குத் திரும்பப் போனப்போ சித்தப்பாகிட்ட செல்போன்ல போட்டோ காட்டினோம். கண்ணைச் சுருக்கி, தூர வெச்சு, கிட்ட வெச்சுப் பார்த்தார். சக்கரம் ஃபெண்டருக்குள்ள அடங்கி நிக்குறதை விரலால தடவிப் பார்த்தார். ஏதாவது பாராட்டுவார்னு ஆறு பேரும் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம்.

"எல்லாம் சரித்தான். ஸ்டெப்னி எங்கப்பு?"